பேச்சு புரியும்போது மூளையில் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் பேசுவதைக் கேட்டு நாம் புரிந்துகொள்ள ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்த ஒரு நொடிக்குள் மூளையின் எந்தெந்தப் பகுதிகள் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன? மாணவர்களும், வீட்டில் பக்கவாதம் வந்தவரைப் பார்த்துக்கொள்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மொழியைப் புரிந்துகொள்ள மூளையில் தனி இடம் ஒன்று இருக்கிறதா?

ஒரே இடம் என்று எதுவும் இல்லை. பெரும்பாலானோருக்கு இடப்பக்க மூளையில், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலிலும், காதை ஒட்டி இருக்கும் பொட்டு மடலிலும் பரவிக் கிடக்கும் பல பகுதிகள் சேர்ந்துதான் இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகளுக்கும் இதில் சம பங்கு உண்டு. ஒரு பகுதி தன் வேலையை முழுதாக முடித்த பிறகுதான் அடுத்தது தொடங்கும் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கையில் கிடைத்த அரைகுறைத் தகவலை ஒன்றுக்கொன்று அனுப்பி, திருத்தி, மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

பிரோக்கா பகுதி பேசுவதற்கு, வெர்னிக்கே பகுதி புரிந்துகொள்வதற்கு என்றுதானே படித்தோம்?

அப்படித்தான் பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அது ஏன் போதாது என்பதும் புரியும்.

பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி 20 ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது 'தான், தான்' என்ற ஒலி மட்டும்தான். ஆனால் மற்றவர்கள் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. 1861-ல் அவர் இறந்ததும் பால் பிரோக்கா என்ற மருத்துவர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடது முன்மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. 1874-ல் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில், 26 வயதே ஆன கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது. மற்றவர் சொல்வதும் புரியாது. அவர்களுக்குப் பாதிப்பு இடது பொட்டு மடலின் மேல்பகுதியில், பின்பக்கமாக இருந்தது. இவ்விரண்டிலிருந்துதான் 'இது பேச, அது புரிய' என்ற பங்கீடு உருவானது.

வெர்னிக்கே அப்படி எளிமையாகச் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும். பகுதிகளுக்கு இடையே இருக்கும் இணைப்பு அறுந்தாலும் மொழி கெடும் என்று அவர் அன்றைக்கே எழுதினார். பின்னால் வந்த பாடப்புத்தகங்கள் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு, இணைப்பை ஓரங்கட்டிவிட்டன.

அடுத்த அடி 1976-ல் விழுந்தது. கரமாசா, சூரிஃப் என்ற இரு ஆய்வாளர்கள் பிரோக்கா வகைப் பாதிப்பு உள்ளவர்களின் புரிதலைச் சோதித்தார்கள். 'பையன் தின்கிற ஆப்பிள் சிவப்பாக இருக்கிறது' என்பது போன்ற வாக்கியம் அவர்களுக்குப் புரிந்தது. ஆப்பிள் பையனைத் தின்னாது என்பதால் வார்த்தைகளை வைத்தே ஊகித்துவிடலாம். 'பையன் துரத்துகிற பெண் உயரமானவள்' என்பது போன்ற வாக்கியத்தில், யார் யாரைத் துரத்துகிறார் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. பேசுவதற்கு மட்டுமே என்று நினைத்த பகுதி புரிதலிலும் கை வைத்திருந்தது.

கடைசியாக, லெபோர்னின் மூளையே சாட்சி சொன்னது. பாரிஸில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த அதை 2007-ல் டிரான்கர்ஸ் குழுவினர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து வெளியிட்டார்கள். பிரோக்கா வெளியிலிருந்து பார்த்ததைவிடச் சிதைவு மிக ஆழமாகப் போயிருந்தது. முன்மடலையும் பின்பகுதிகளையும் இணைக்கும் நீண்ட கற்றையும் அதில் அடிபட்டிருந்தது.

காதில் விழும் ஒலி வார்த்தையாக மாறுவது எப்படி?

உள்காதிலிருந்து கிளம்பும் மின்துடிப்புகள் மூளைத் தண்டு வழியாகச் சில இடங்களில் நின்று, பொட்டு மடலின் மேல்விளிம்பில் இருக்கும் கேட்கும் பகுதிக்கு வருகின்றன. இதுவரைக்கும் பேச்சும் ஒன்றுதான், கதவு சாத்தும் சத்தமும் ஒன்றுதான். அங்கிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தள்ளித்தான் பேச்சுக்கான வேலை தொடங்குகிறது.

இதை மிக நெருக்கமாகப் பார்க்க ஒரு வாய்ப்பு அமைந்தது. வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்யும் முன், மூளையின் மேற்பரப்பில் சில நாட்கள் மின்முனைகளைப் பதித்து வைப்பார்கள். அப்படி இருந்த நோயாளிகள் சம்மதித்ததால், சான்ஃபிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங் குழுவினர் அவர்களுக்கு வாக்கியங்களைப் போட்டுக் காட்டிப் பதிவு செய்தார்கள். 2014-ல் வந்த முடிவு இது: பொட்டு மடலின் மேல்மடிப்பில் ஒரு புள்ளி ப, த, க போன்ற வெடிப்பொலிகளுக்குத் துடிக்கிறது, சில மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு புள்ளி ஸ, ஷ போன்ற உரசொலிகளுக்கு, வேறொன்று ம, ந போன்ற மூக்கொலிகளுக்கு. நம் இலக்கணக்காரர்கள் ஒலி பிறக்கும் விதத்தை வைத்து எழுத்துகளை இனம் பிரித்ததற்கு இது வெகு அருகில் வருவதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

இன்னொரு சிக்கல், பேச்சில் வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி கிடையாது. தெரியாத மொழியைக் கேட்டால் அது ஒரே மூச்சாக ஓடுவதுபோல் இருப்பது அதனால்தான். தமிழில் புணர்ச்சி வேறு சேர்ந்துகொள்கிறது. எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிய, மூளைக்கு ஏற்கெனவே வார்த்தைகள் தெரிந்திருக்க வேண்டும். அதாவது, ஒலியைப் பிரிக்கும் பகுதிக்குப் பொருள் தெரிந்த பகுதிகளின் உதவி முதலிலிருந்தே தேவைப்படுகிறது.

சத்தமான இடத்தில் பேசுபவரின் முகத்தையே பார்க்கிறோமே, அது உதவுமா?

நன்றாகவே உதவும். 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் காட்டிய சோதனையில், 'பா' என்ற ஒலிக்கு (ஆங்கில பி-யின் ஒலி) 'கா' என்று அசையும் உதடுகளின் படத்தைச் சேர்த்தார்கள். பலர் கேட்டது 'டா'. காதையும் கண்ணையும் சேர்க்கும் இந்த வேலையில் பொட்டு மடலின் மேல்பள்ளம் முக்கியமானது. இரைச்சல் கூடினால் கவனத்துக்குப் பொறுப்பான முன்மடல், உச்சந்தலைக்குக் கீழே இருக்கும் உச்சிமடல் பகுதிகளும் துணைக்கு வருகின்றன. கல்யாண மண்டபத்தில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தால் களைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது?

1980-ல் சான் டியேகோவில் மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், தலையில் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. மின்முனைகள் பொருத்திய ஆட்களுக்கு வாக்கியங்களை ஒவ்வொரு வார்த்தையாகத் திரையில் காட்டினார்கள். சில வாக்கியங்கள் ஒழுங்காக முடிந்தன. சில, 'சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான்' என்ற ரகம். பொருந்தாத வார்த்தை வந்து 400 மில்லி விநாடி, அதாவது அரை நொடிக்கும் குறைவான நேரத்தில், மின்னலையில் ஒரு பெரிய சரிவு தெரிந்தது. எதிர்மின் (ஆங்கிலத்தில் 'நெகட்டிவ்') பக்கம் போவதால் அதற்கு 'என்400' என்று பெயர். சரியாகப் பொருந்தும் வார்த்தைக்கும் இது வரும், ஆனால் சின்னதாக. வார்த்தை எவ்வளவு எதிர்பார்த்ததோ, அவ்வளவு சின்ன அலை.

இந்த அலை ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதில்லை. பெரும்பங்கு இடது பொட்டு மடலிலிருந்து வருகிறது, முன்மடலின் கீழ்ப்பகுதியும் சேர்கிறது. அலையின் அளவு காட்டுவது, கேட்பவர் சும்மா காத்திருக்கவில்லை, அடுத்து என்ன வரும் என்று ஊகித்துக்கொண்டே போகிறார் என்பதைத்தான்.

ஒரே வார்த்தைக்கு இரண்டு பொருள் இருந்தால்?

'கல்யாணத்துக்கு மாலை வாங்கினேன்' என்று கேட்டால் பூமாலைதான் மனதில் நிற்கும். சாயங்காலம் என்ற பொருள் வந்ததாகவே தோன்றாது. ஆனால் 1979-ல் டேவிட் ஸ்வின்னி ஆங்கிலத்தில் செய்த சோதனையின்படி, இப்படிப்பட்ட வார்த்தை காதில் விழுந்த கணத்தில் இரண்டு பொருளும் தலைதூக்குகின்றன. மூன்று அசைகள் கடப்பதற்குள் பொருந்தாதது அடங்கிவிடுகிறது. பொட்டு மடல் பொருள்களை எழுப்பித் தர, முன்மடலின் கீழ்ப்பகுதி சூழலுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது. அந்த முன்பகுதி பழுதானவர்களுக்கு இந்தத் தேர்வு கடினமாகிறது.

வாக்கியத்தில் யார், யாரை என்பதை மூளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். 'அண்ணனைத் தம்பி அடித்தான்' என்ற மூன்றே வார்த்தைகளை எடுத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி, அடி ஆகிய மூன்றின் பொருளும் தெரிந்தால் மட்டும் போதாது. அடி வாங்கியது யார் என்று சொல்வது அந்தச் சின்ன 'ஐ' மட்டும்தான். அதைத் தவறவிட்டால் கதை தலைகீழாகிவிடும். 'இட்லியைப் பையன் தின்றான்' என்பதில் 'ஐ' காதில் விழாவிட்டாலும் குடி முழுகிப் போகாது.

இந்த வேலைக்கு முன்மடலின் பிரோக்கா பகுதியும் பொட்டு மடலின் பின்பகுதியும் கைகோத்தாக வேண்டும். இரண்டையும் இணைப்பது வில்போல் வளைந்து போகும் ஒரு நரம்பிழைக் கற்றை. ஒலியைப் பேச்சசைவோடு இணைக்கும் மேல்வழி ஒன்று, ஒலியைப் பொருளோடு இணைக்கும் கீழ்வழி ஒன்று என இரண்டு பாதைகள் இருப்பதாக ஹிக்கோக், போப்பல் இருவரும் 2000 முதல் எழுதிவந்தார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏதோ ஒரு வடிவில் இதை ஏற்கிறார்கள். மேல்வழியில் பிரோக்கா பகுதிக்குப் போகும் கிளை பிறந்த குழந்தையிடம் இன்னும் உருவாகியிருக்காது. வளர வளரத்தான் முதிர்கிறது. சிக்கலான வாக்கியங்கள் குழந்தைகளுக்கு மெதுவாகத்தான் பிடிபடுகின்றன என்பதோடு இது ஒத்துப்போகிறது.

சரி, தமிழில் வினை கடைசியில்தானே வருகிறது, அதுவரை மூளை காத்திருக்குமா? காத்திருக்காது. நம்மைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழியில் 2003-ல் கமிடே குழுவினர் இதைச் சோதித்தார்கள். பரிமாறுபவர், வாடிக்கையாளர், உணவு எல்லாம் இருக்கும் படத்தைப் பார்த்தபடி ஒருவர் வாக்கியத்தைக் கேட்கிறார். 'பரிமாறுபவர் வாடிக்கையாளருக்கு...' என்பதற்கு நிகரான வேற்றுமை உருபு காதில் விழுந்ததுமே, வினை வரும் முன்பே, கேட்பவர் கண் உணவின் பக்கம் போகத் தொடங்கிவிட்டது. 'கு' என்றால் யாருக்கோ ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது.

வார்த்தைகளின் பொருள் எங்கே இருக்கிறது?

பரவலாக இருக்கிறது. 2016-ல் பெர்க்லியில் அலெக்சாண்டர் ஹுத் குழுவினர் 7 பேரை, மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கதைகளைக் கேட்க வைத்தார்கள். உறவு சார்ந்த வார்த்தைகள், இடம் சார்ந்தவை, எண்கள் என ஒவ்வொரு வகைக்கும் மூளையின் மேலடுக்கான புறணியின் வெவ்வேறு பகுதிகள், இரண்டு பக்கமும், துடித்தன.

அப்புறம், இவற்றையெல்லாம் ஒன்றுசேர்க்கும் இடம் எது? பொட்டு மடலின் முன்நுனி என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அங்கே மெல்ல மெல்லச் சுருங்கும் ஒரு வகை மறதி நோயில், முதலில் 'வரிக்குதிரை' வெறும் 'குதிரை' ஆகிறது, பிறகு 'மிருகம்', பிறகு 'அது'. பேச்சு சரளமாகவே இருக்கும், இலக்கணம் கெடாது. படத்தைக் காட்டினாலும் அது என்ன என்ற அறிவே கரைந்துபோயிருக்கும்.

வலப்பக்க மூளை சும்மா இருக்கிறதா?

இல்லவே இல்லை. வலக்கைக்காரர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கும் இடக்கைக்காரர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கும் மொழியின் முதன்மைப் பக்கம் இடது. ஆனாலும் குரலின் ஏற்ற இறக்கம், நையாண்டி, கதையின் போக்கு ஆகியவற்றுக்கு வலப்பக்கம் வேண்டும். மழையில் தொப்பலாக நனைந்து வந்தவரிடம் 'நல்லா குளிச்சிட்டு வந்தியா?' என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர் 'இல்லை, மழையில் நனைந்துவிட்டேன்' என்று நேராகப் பதில் சொல்வார்கள்.

குழந்தைப் பருவத்திலேயே இடது பொட்டு மடலை இழந்ததாகக் கருதப்படும் ஒரு பெண்மணியை எவ்லினா ஃபெடோரென்கோ குழுவினர் ஆராய்ந்து 2022-ல் எழுதினார்கள். அவருடைய மொழித் திறனில் குறையே இல்லை. வலப்பக்கமே முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கு அவ்வளவு தாராளமாக இது நடப்பதில்லை.

நீண்ட கதையைக் கேட்கும்போது?

2011-ல் பிரின்ஸ்டனில் யூரி ஹாசன் குழுவினர் 7 நிமிடக் கதை ஒன்றை வார்த்தை வார்த்தையாகவும், வாக்கியம் வாக்கியமாகவும், பத்தி பத்தியாகவும் கலைத்துப் போட்டுக் கேட்கவைத்தார்கள். கேட்கும் பகுதிக்கு எல்லாம் ஒன்றுதான். கலைத்துப் போட்டதாலும் அது தடுமாறவில்லை. சற்றுத் தள்ளி உள்ள பகுதிகளுக்கு வாக்கியம் முழுதாக வேண்டியிருந்தது. இன்னும் தள்ளி, உச்சிமடலிலும் முன்மடலிலும் உள்ள சில பகுதிகள், முழுப் பத்தியும் ஒழுங்காக வந்தால்தான் எல்லாக் கேட்பவரிடமும் ஒரே மாதிரி இயங்கின. நொடிக்கணக்கில் நினைவு வைக்கும் பகுதிகளும் நிமிடக்கணக்கில் வைக்கும் பகுதிகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன என்பது இதன் பொருள்.

தமிழர்களின் மூளை இதில் வேறுபடுமா?

2022-ல் ஃபெடோரென்கோவின் ஆய்வகம் 12 மொழிக் குடும்பங்களைச் சேர்ந்த 45 மொழிகளில், மொழிக்கு ஏறக்குறைய இரண்டு பேர் வீதம், தாய்மொழிக் கதையைக் கேட்க வைத்துப் பார்த்தது. திராவிடக் குடும்பமும் அதில் உண்டு. எல்லோருக்கும் அதே இடப்பக்க வலைதான். மொழி எதுவானாலும் வீடு ஒன்றுதான்.

இரண்டு மூன்று மொழி தெரிந்தால்?

பெரும்பாலும் அதே பகுதிகளையே எல்லா மொழியும் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த மொழியை இப்போது பேசவிடுவது, எதை அடக்குவது என்ற கட்டுப்பாட்டுக்கு முன்மடலும் மூளையின் ஆழத்தில் உள்ள சில முடிச்சுகளும் கூடுதலாக உழைக்கின்றன. ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா (மறதி நோய்) நோயாளிகளைப் பார்த்து 2013-ல் எழுதிய கட்டுரையில், இருமொழிக்காரர்களுக்கு நோய் 4.5 ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. மற்ற நாடுகளின் ஆய்வுகள் சிலவற்றில் இந்தப் பலன் தெரியவில்லை என்பதால், இதை மருந்துச்சீட்டு போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

வாசிப்பதும் இதே மாதிரிதானா?

நுழைவாயில் மட்டும் வேறு. இடது பொட்டு மடலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு பகுதி எழுத்துகளைப் பார்த்ததும் அடையாளம் காணப் பழகிக்கொள்கிறது. உள்ளே போன பிறகு பேச்சுக்கான அதே வலைதான்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா சம்பந்தமில்லாமல் பேசுகிறார், நாங்கள் சொல்வதும் புரியவில்லை. மனநிலை பாதிப்பா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். இது பெரும்பாலும் அஃபேசியா, அதாவது மொழி வலையில் ஏற்பட்ட சேதம். அவருடைய அறிவும் பாசமும் ரோஷமும் அங்கேயே இருக்கின்றன. கை கால் நன்றாக இருந்து பேச்சு மட்டும் குழம்பினால், மனநோய் என்று நினைத்து நாளைக் கடத்திவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். திடீரென்று ஒருவர் பேச்சு உளறினாலோ, சொல்வது புரியாமல் விழித்தாலோ உடனே தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் அழையுங்கள்.

அதன் பிறகு வீட்டில் செய்ய வேண்டியதற்கு, மேலே சொன்னதெல்லாம் வழிகாட்டுகிறது. டிவியை அணைத்துவிட்டு நேருக்கு நேர் உட்காருங்கள். உதட்டசைவும் முகமும் அவருக்கு இன்னொரு வழி. கத்திப் பேச வேண்டாம், காது நன்றாகவே கேட்கிறது. 'மாமா கொண்டுவந்த மருந்தைச் சாப்பிட்டீங்களா?' என்று அடுக்காமல், மருந்தைக் கையில் காட்டி 'சாப்பிட்டீங்களா?' என்று கேளுங்கள். ஊகிக்கப் பொருள் துணை நிற்கும்போது இலக்கணத்தின் சுமை குறைகிறது. ஒரு விஷயம் முடிந்து அடுத்ததுக்குப் போகும்போது சற்று நிறுத்துங்கள். அவர் தவறான வார்த்தை சொன்னால், புரிந்திருந்தால் திருத்தாமல் மேலே போங்கள்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும்போது, அப்பா சின்ன வயதிலிருந்து வீட்டில் பேசிய மொழி எது, வேலையில் பேசியது எது என்று மறக்காமல் சொல்லுங்கள். எல்லா மொழியும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு மொழியில் பதில் வராதவர் இன்னொன்றில் தலையாட்டலாம். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், ஆனால் ஆண்டுகள் கடந்தும் பயிற்சியால் பலன் கிடைக்கிறது. அதனால் 'இனி இவ்வளவுதான்' என்று யாராவது சொன்னால் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.